கண்ணாடியைத் திறந்துவைக்கச் சொன்னவர்

செவ்வாய்க்கிழமை எங்கள் தொழிற்சாலை ஆய்வகத்துத் தொலைபேசி அடித்தது. பேக்கிங் பிரிவு பத்மாவதியம்மாள், மருத்துவமனைத் தீக்காயப் பிரிவு வாசலிலிருந்து பேசினார். "தணிகாசலம் சார் போய்ட்டாரு சார்" என்றார்.

மாலையில் தொழிற்சாலை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். வாகனப் பிரிவின் முன்னாள் மேற்பார்வையாளர் தணிகாசலம் 'எதிர்பாராத விபத்தில்' மறைந்தார் என்று. அந்த விபத்தை ஒருவர் எதிர்பார்த்தார். எல்லோரிடமும் சொன்னார். நேற்று அவரைத்தான் அடக்கம் செய்தோம்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். திருவொற்றியூர்க் கடலோரக் குப்பத்தில் பிறந்தவர். ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தவர். மேலதிகாரிகளிடம் வேண்டுமென்றே வடசென்னைப் பேச்சையே பேசுவார். சட்டை மடிப்புக் கலையாது. தம் மூக்கைப் பற்றி அவருக்கு ஏகப்பட்ட கர்வம்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஒரு பழைய கார் வைத்திருந்தேன். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி தயங்கும், கூடவே ஒரு தீய்ந்த நாற்றம். ராயபுரத்தில் ஒரு மெக்கானிக் பிளக்கை மாற்றினார், இன்னொருவர் கார்புரேட்டரைக் கழுவினார். நாற்றம் ஆலைகளுடையது என்று இருவருமே சொன்னார்கள். இந்தப் பக்கத்து மக்கள் அப்படித்தான். நாற்றம் வந்தால் பேச்சை நிறுத்தாமலே கண்ணாடியைச் சாத்திக்கொள்வோம்.

தணிகாசலம் காலையில் எந்த வண்டியையும் மோந்து பார்க்க மாட்டார். காலைக் காற்று தரையிலிருந்து வரும், ஆலை நாற்றமெல்லாம் அதில் இருக்கும். மதியம் கடற்காற்று ஏறிய பிறகு எண்ணூர் கடலோரச் சாலைக்குக் கொண்டுபோய், கண்ணாடிகளைத் திறந்துவிட்டு ஓட்டச் சொல்வார். "இப்ப வர்றது பூரா உன் வண்டி நாத்தம் மாமு. ஊர் மேல பழி போடாத" என்றார் என்னிடம். எஞ்சின் கத்தியது, வண்டி மெதுவாகவே நகர்ந்தது. கிளட்ச் தட்டு தீய்கிறது என்றார். அதுதான்.

இறங்கும்போது ஒன்று சொன்னார். "தீஞ்ச வாடை பர்ச கடிக்கும். பச்சைப் பெட்ரோல் வாடை ஆளக் கடிக்கும்."

இரண்டாண்டுகளுக்கு முன் எங்கள் ஊழியர் வேனில் அந்தப் பச்சை வாடை வந்தது. எஞ்சின் முன்சீட்டுக்குக் கீழே இருக்கும் வேன். மேம்பாலம் ஏறும்போது தயங்கும், உடனே வாடை வரும். பெட்ரோல் போகும் ரப்பர் குழாய் வெடித்திருந்தது. அழுத்தி மிதித்தால் பெட்ரோல் எஞ்சினுக்குப் போகாமல் விரிசலில் கசிந்தது. குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றும்வரை வண்டியை எடுக்கக் கூடாது என்று அவர் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொண்டார்.

எனக்கு வரவேண்டிய பதவியில் அப்போது உட்கார்ந்திருந்த நிர்வாக அதிகாரி, கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டார். "எண்ணூர்ல பின்ன மல்லிப்பூ வாசமா வரும்?" சிரித்தவர்கள் யார் யார் என்று எனக்கு நினைவிருக்கிறது. அவர்களில் இருவர் நேற்று மலர்மாலையோடு வந்தார்கள்.

சாவியைப் பிடுங்கினார்கள். வாகனப் பிரிவை ஓர் ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தார்கள். அவர் குழாயில் டேப் சுற்றி வேனை ஓட்டினார். தணிகாசலத்தைச் சரக்குக் கிடங்குக்கு அனுப்பினார்கள். அவர் பேருந்தில் போயிருக்கலாம். போகவில்லை. தினமும் அதே வேனில் ஓட்டுநருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தார். ஏன் என்று கேட்டேன். "வண்டில ஒரு மூக்காவது இருக்கட்டும் மாமு" என்றார்.

போன வாரம் நடந்ததைப் பத்மாவதியம்மாள் சொல்லித்தான் அறிந்தேன். காலை வேளை, தரைக்காற்று. மேம்பாலத்தில் வேன் தயங்கியது. வாடை வந்ததும் உள்ளே இருந்த பெண்கள் வழக்கம்போலக் கண்ணாடிகளைச் சாத்தினார்கள். திறக்கச் சொல்லித் தணிகாசலம் கத்தினார். ஊரே நாறுகிறது என்றார் ஓட்டுநர். அவர் விடாமல் அதட்டி வண்டியை நிறுத்தவைத்து, ஒவ்வொருவராக இறக்கிவிட்டார். பின்னால் கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்தன. வேனை ஓரமாக நகர்த்தலாம் என்று ஓட்டுநர் மறுபடி சாவியைத் திருப்பினார். கதவருகே இருந்த பத்மாவதியம்மாளைத் தணிகாசலம் வெளியே தள்ளினார். தீ பிடித்ததும் ஓட்டுநர் தம் பக்கக் கதவு வழியே குதித்துவிட்டார். இவர் உள்ளே இருந்தார்.

மருத்துவமனையில் ஒரே ஒருமுறை என்னிடம் பேசினார். யாரையும் குற்றம் சொல்லும் குரல் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

"கண்ணாடிய சாத்திகினாங்க மாமு. எல்லாருமே சாத்திகினாங்க."

இன்று காலை ஒப்பந்தக்காரர் வேறொரு வேன் அனுப்பியிருந்தார். நானும் அதில் ஏறினேன். அதே மேம்பாலத்தில் அது ஒருமுறை தயங்கியது. ஏதோ ஒரு நாற்றம் உள்ளே வந்தது. ஒரு கைகூடக் கண்ணாடிப் பக்கம் போகவில்லை. புதிய ஓட்டுநர், அது வெளியிலிருந்து வருகிறது என்றார்.

"இருக்கட்டும். ஓரங்கட்டு நைனா" என்றார் பத்மாவதியம்மாள்.

எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கினோம். பாலத்துச் சரிவில் வேனை உருட்டி இறக்கி, கடலோரச் சாலைவரை தள்ளிக்கொண்டே போனோம். லாரிகள் ஹாரன் அடித்தன. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இதை அந்தச் சாலையோரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்த நாற்றம் எங்கிருந்து வந்ததென்று இன்னும் தெரியாது. வேன் கடலைப் பார்த்து நிற்கிறது, கண்ணாடிகள் எல்லாம் திறந்திருக்கின்றன. கடற்காற்று இன்னும் ஏறவில்லை. அலுவலகத்திலிருந்து இருமுறை ஆள் அனுப்பிவிட்டார்கள்.

போய் வாருங்கள், தணிகாசலம். சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது.