சூடான பாலும் சிவப்புத் துண்டும்

கோவையிலிருந்து பம்பாய் போன விமானத்தில் என் பக்கத்து இருக்கைக்காரர் சென்னிமலைத் துண்டு வியாபாரி. வெள்ளை வேட்டி, மடியில் வியாபாரத்துக்கான மாதிரித் துண்டுகள். இருக்கை உறை, தலையணை, கம்பளி எதுவானாலும் இரண்டு விரலால் தேய்த்துப் பார்ப்பார்.

நான்கு மாதக் குழந்தையுடன் எனக்கு அது முதல் விமானப் பயணம். பால் பவுடர், ஃபிளாஸ்கில் வெந்நீர் என்று பதினொரு சாமான்களைப் பட்டியல் போட்டு எடுத்து வந்தவள், ஆறிய தண்ணீரை மட்டும் எழுத மறந்திருந்தேன். விமானம் இறங்கத் தொடங்கியதும் குழந்தை பசியிலும் காது வலியிலும் வீறிட்டது. கலக்கிய பாலோ வாயில் வைக்க முடியாத சூடு. பணிப்பெண்களும் பெல்ட் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஏனுங்க அம்மணி, புட்டிய இப்படிக் குடுங்க" என்றார் துண்டு வியாபாரி. சிவப்புத் துண்டு ஒன்றைத் தன் பாட்டில் தண்ணீரில் நனைத்துப் புட்டியைச் சுற்றி, தலைக்கு மேல் காற்று வரும் துளைக்கு நேராகப் பிடித்தார்.

"ஐயோ, மாதிரித் துண்டுங்களே!"

"புள்ள அழுகறப்ப அதையெல்லாம் பாக்க முடியுமுங்களா?"

இரண்டு முறை நனைத்தார். புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன், பதமான சூடு. சக்கரம் தரையைத் தொட்டபோது புட்டி காலி, குழந்தை ஏப்பம் விட்டது.

அவரோ வெறும் உள்ளங்கைகளை முன்வரிசை, பின்வரிசை எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தார்.

"பாருங்க, சொட்டுச் சாயம் எறங்கலைங்க!"

காய்ந்த துண்டுகளைப் பையில் திணித்துவிட்டு, அந்த ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பம்பாயில் வியாபாரம் பேச நெஞ்சை நிமிர்த்தி இறங்கிப் போனார்.