கையொப்பமிடாத சத்தியக் கடதாசியுடன் கண்டக்குழிவரை

கற்பிட்டிக் கடற்கரையிலுள்ள கண்டக்குழிக்குப் போக நான் திட்டமிட்டிருக்கவில்லை. கடந்த ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை, புத்தளத்தை அடுத்த தில்லையடியில் இருக்கும் ஒரு சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசியொன்றில் கையொப்பமிடத்தான் சிலாபத்திலிருந்து புறப்பட்டேன். சிலாபத்தில் சமாதான நீதவான் இல்லையா என்று கேட்பீர்கள். என் தெருவிலேயே ஒருவர் இருக்கிறார். ஞாயிறு பூசையில் எனக்கு இரண்டு வாங்கு முன்னால் அமர்பவர் என் காகிதங்களை வாசிப்பதை நான் விரும்பவில்லை.

காரணத்தை மறைத்துப் பயணத்தை மட்டும் எழுதினால் உங்களுக்குப் பயன்படாது. என் கணவர் இறந்து மூன்று வருடங்களாகின்றன. அவருடைய இணையக் கணக்கை நான் மூடவில்லை. மாலைத் தேநீருக்குப் பிறகு அதற்கு ஓரிரு வரி எழுதுவது வழக்கமாகிவிட்டது. கிணற்று மோட்டார் பழுது, மழை, முழங்கால் வலி, அவ்வளவுதான். பதிலை எதிர்பார்க்கும் அளவுக்கு நான் புத்தி கெட்டவள் அல்ல. ஆனால் மார்ச் மாதத்தில் ஒரு நாள், நான் எழுதியதற்குக் கீழே அவருடைய படம் சின்ன வட்டமாக வந்து இறங்கியது. எழுதியதை மற்றவர் பார்த்துவிட்டார் என்பதற்கு அந்தச் செயலி காட்டும் அடையாளம் அது. மறுநாளும் இறங்கியது.

இணையச் சேவைகளை மேற்பார்வை செய்யும் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு அனுப்பினேன். பதில் கடிதம் தெளிவாக இருந்தது. கணக்கை யார், எந்தத் தொலைபேசியில், எங்கிருந்து திறக்கிறார் என்று சேவை வழங்குநரிடம் எழுத்துமூலம் கேட்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. குறித்த நாளுக்குள் அந்த நிறுவனம் பதில் தந்தே ஆகவேண்டும். எங்கோ வெளிநாட்டில் இருப்பவர்களை இங்கிருந்து ஒரு கடிதம் பதில் சொல்ல வைக்கும் என்பது எனக்கு மிகுந்த திருப்தியளித்தது. பிறகுதான் என்னிடம் கேட்டிருந்தவற்றை வாசித்தேன். மரணச் சான்றிதழ், கணக்கை என் பக்கத்திலிருந்து யாரிடமும் ஒப்படைக்கவில்லை என்ற சத்தியக் கடதாசி, இரு தரப்புக்கும் இடையிலான செய்திகளின் பிரதிகள். இரு தரப்பாம்! அச்சடித்துப் பார்த்தேன். முப்பத்தெட்டுப் பக்கங்கள், எல்லாம் ஒரே தரப்பு.

6.40 பேருந்து 6.52க்குப் புறப்பட்டது. கட்டணம் 210 ரூபாய். இடதுபக்க இருக்கையைப் பிடியுங்கள். வலதுபக்கம் புத்தளம்வரை வெயில். 8.35க்கு இறங்கி, முச்சக்கர வண்டியில் தில்லையடிக்கு 250 ரூபாய் கொடுத்தேன்.

நீதவான் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். பிரதிகளின் முதற்பக்கத்தில் இரண்டு வரி பார்த்தார். உடனே கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“இத நான் வாசிக்கத் தேவல்ல மேடம். ஒவ்வொரு பக்கத்திலயும் ஒப்பம் வச்சாக் காணும். ஒன்டு மட்டும் கேக்கணும். ஐயாட போன் இப்ப எங்க?”

“அவற்ற சாமான்களோட ஒரு ஆளுக்குக் குடுத்திட்டன். கண்டக்குழியில.”

“குடுக்கக்குள்ள உள்ளுக்க இருந்ததெல்லாம் அழிச்சீங்களா?”

“இல்ல” என்றேன். அழிக்காதது மட்டுமல்ல, தொலைபேசியைத் திறக்கும் எண்ணை வெள்ளைத் தாளில் திருத்தமாக எழுதி அதன் முதுகில் ஒட்டியிருந்தேன். எதைக் கைமாற்றினாலும் குறிப்பெழுதி ஒட்டித்தான் கொடுக்கவேண்டும் என்று கன்னியர் மடத்துப் பாடசாலையில் எங்களைப் பழக்கியிருந்தார்கள்.

“அப்ப இதுல சத்தியம் செய்ய ஏலுமா மேடம்?”

ஏலாது. காகிதங்களை உறையில் போட்டுக்கொண்டு எழுந்தேன். அவர் பணம் வாங்க மறுத்துவிட்டார்.

10.15 கற்பிட்டிப் பேருந்து. பாலாவியில் மேற்கே திரும்பியதும் உப்பளங்கள், அதற்கப்பால் மின்நிலையத்தின் புகைபோக்கி, பிறகு காற்றாலைகள். முன்பெல்லாம் அவற்றை அவர் எண்ணுவார். ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை மாறும், நான் திருத்துவேன். இம்முறை நான் எண்ணவில்லை. 11.40க்குக் கண்டக்குழிச் சந்தியில் இறங்கினேன். கடற்கரைக்கு ஏறக்குறைய நான்கு கிலோமீற்றர். முச்சக்கர வண்டி 400 ரூபாய்.

“தனியாவா மேடம்? ஆக்கள் பின்னால வாறாங்களா?” என்று சாரதி கேட்டார்.

“இல்ல.”

“அப்ப பட்டம் புடிச்சுக் கடல்ல பறக்கவா வந்தீங்க? வெள்ளக்காரனெல்லாம் அதுக்குத்தான் வாறான்.”

அந்த வாரத்தில் என்னை யாராவது கேலி செய்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் கோபம் வரவில்லை.

வருடந்தோறும் நாங்கள் தங்கிய சிறிய விடுதியின் சமையற்காரி ஃபரீதா. நாற்பதைத் தாண்டியவள். போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் துரத்தப்பட்டபோது சிறுமியாகப் புத்தளத்துக்கு வந்தவள் என்று என் கணவர் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தார், நான் கேட்டதில்லை. சென்ற ஆண்டு அவருடைய சட்டைகள், குடை, தொலைபேசி எல்லாவற்றையும் அவளிடம்தான் கொடுத்தேன். பின்புறத்தில் மீன் செதில் சீவிக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் எழுந்தாள்.

“அல்லாஹ்! மேடமா? அந்த முழங்காலோட இந்த மணல்ல நடந்தா வந்தீங்க?”

முழங்காலைப் பற்றி நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அவருக்கு எழுதியதில் மட்டும்தான்.

நான் நின்ற நிலையைப் பார்த்து அவளுக்கும் விளங்கிவிட்டது. கதிரையொன்றைத் துடைத்துப் போட்டாள்.

“என்ட போன் தண்ணிக்குள்ள விழுந்த பொறகுதான் ஐயாட போன எடுத்தன். பின்னேரம் மணி அடிக்கும், எழுத்து மேல வரும். மொத நாள் பயந்தே போனன், மௌத்தானவருக்கு யாரு எழுதுறாண்டு.”

“பிறகு?”

“பொறகு நீங்கண்டு தெரிஞ்சிச்சு. தேத்தண்ணி ஊத்தக்குள்ள பாப்பன். ரெண்டு நாள் வரல்லண்டா மனசு ஒரு மாதிரியாகும்.”

“பதில் போட்டிருக்கலாமே, நீதான் வச்சிருக்கிறாய் எண்டு.”

“போடப் பாத்தன் மேடம். ஐயாட பேர்ல நான் ‘சுகமா?’ண்டு கேட்டா, நீங்க அந்த இடத்திலயே விழுந்து மௌத்தாயிருப்பீங்களே!”

அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, வெளியே விடவில்லை. முகம் கொதித்துக்கொண்டிருந்தது. மூன்று மாதமாக ஒருத்தி மீன் கழுவும் கையோடு என்னை வாசித்திருக்கிறாள். அதேநேரம் மடியிலிருந்த உறை கனத்தது. காலையில் கையொப்பமிட்டிருந்தால், ஆணைக்குழு கேட்டிருக்கும், நிறுவனம் பதில் சொல்லியிருக்கும், அந்தப் பதில் இந்தச் சமையலறைக்கு வந்து நின்றிருக்கும். ஃபரீதா கையைத் துடைத்துவிட்டுத் தொலைபேசியை நீட்டினாள். என் கையெழுத்தில் அந்தத் தாள் இன்னும் ஒட்டியிருந்தது.

“எடுத்துக்கொண்டு போங்க மேடம். எனக்கு வேணாம்.”

“குடுத்ததை நான் திருப்பி எடுக்கிறதில்ல” என்றேன். ஆனால் தொலைபேசியை வாங்கி, அவருடைய கணக்கிலிருந்து வெளியேறும் இடத்தைத் தேடிப்பிடித்தேன். வெளியேற விரும்புகிறீர்களா என்று அது கேட்டது. முதலில் தாளை உரித்தெடுத்தேன். பிறகு அழுத்தினேன்.

ஃபரீதா எட்டிப் பார்த்தாள். “இனி நீங்க சுகமாண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? உங்கட நம்பரச் சொல்லுங்களேன்.”

“பாப்பம்” என்றேன். மீனும் சோறும் தந்தாள். நன்றாக இருந்தது, உப்புச் சற்றுக் கூட. அதையும் சொன்னேன்.

இனி உங்களுக்குத் தேவையானவை. கண்டக்குழிச் சந்தியில் 2.50க்குப் புத்தளம் பேருந்து. அதைத் தவறவிட்டால் சிலாபத்தை அடைய இருட்டிவிடும். ஜூனில் காற்று பலமாதலால் குடை உதவாது, தலைக்கு ஏதாவது கட்டிக்கொள்ளுங்கள். இறந்தவரின் தொலைபேசியைக் கொடுப்பதென்றால், முதலில் எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறுங்கள். ஆணைக்குழுவுக்கு எழுதலாம், அவர்களால் கேட்டு அறிய முடியும். ஆனால் எழுதுமுன், அந்தப் பொருளை நீங்களே யாருக்குக் கொடுத்தீர்கள் என்று யோசியுங்கள். முறைப்பாட்டை மறுநாளே எழுத்துமூலம் மீளப்பெற்றுக்கொண்டேன். கொடுத்தவள் நான் என்பதைக் காரணமாக எழுதினேன்.

என் எண்ணை அவளிடம் சொல்லியிருக்கலாம் என்று பாலாவியைத் தாண்டும்போதுதான் தோன்றியது. பேருந்து நிற்கவில்லை. வழக்கம்போல அவருக்கு எழுதினேன்: “கண்டக்குழிக்குப் போய் வருகிறேன். முழங்கால் பரவாயில்லை.” சிலாபம்வரை தொலைபேசியைக் கையிலேயே வைத்திருந்தேன். படம் இறங்கவில்லை. சரியாகத்தான் வெளியேறியிருக்கிறேன்.