நான் நீக்கிய கேள்வி

கேள்வித்தாளிலிருந்து தண்ணீர் பற்றிய கேள்வியை நீக்கியவள் நான்தான். என் கையால், முழு நினைவோடு நீக்கினேன்.

சேதராப்பட்டுக்கு அப்பால் ஓர் ஊர். பெயரைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அங்கே பெண்களுக்குக் கரு தங்காமல் கலைந்துகொண்டே இருந்தது. காரணம் கண்டறியப் போன ஆய்வாளர் நான். ஆய்வுக்கு நிதி கொடுத்ததோ, அந்த ஊரை ஒட்டியிருந்த சாயத் தொழிற்சாலை.

"இந்தத் தண்ணிக் கேள்வி வேணாம்மா. சொந்தத்துல கட்டிக்கிறாங்கல்ல, அதை நல்லா கேளுங்க," என்றார் என் பேராசிரியர். மிரட்டவில்லை. தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார்.

வேலைக்கு அஞ்சிப் பணிந்தேன் என்றால் நீங்கள் மன்னித்துவிடக்கூடும். ஆனால் அது பாதி உண்மைதான். உறவுக்குள்ளேயே கட்டிக்கொள்ளும் அந்த மக்கள்மீது, நகரத்தில் படித்த எனக்கு ஏற்கெனவே ஓர் இளக்காரம் இருந்தது. அதனால் அதுவே காரணம் என்று நம்புவதும் எளிதாயிற்று...

மாமன் மகனை மணந்து மூன்று கருவை இழந்தவள் செல்வி. நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, "மேடம், போர் தண்ணி நெறம் மாறி வருதே, அதை எழுதிக்கலையா?" என்றாள்.

"அது இதுல வராதும்மா."

கேட்காததற்குப் பதில் எப்படி வரும்? உறவுத் திருமணமே காரணம் என்று அறிக்கை வெளியாயிற்று. ஊரைக் கூட்டி அதைப் படித்துக் காட்டியவளும் நானே. அடுத்த மாதமே செல்வியைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் கணவனுக்குக் கடலூர்ப் பக்கத்திலிருந்து, உறவே இல்லாத ஒரு பெண்ணைக் கட்டிவைத்தார்கள்.

போன வாரம் கோரிமேட்டுப் பேருந்து நிறுத்தத்தில் செல்வி என்னை அடையாளம் கண்டுகொண்டாள். அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை அச்சுறுத்தியது.

"எங்க ரத்தந்தான் ஒத்துக்கலன்னீங்க. இப்ப வந்தவளுக்கும் ரெண்டு கலைஞ்சிடுச்சு மேடம். மூணாவது வயித்துல இருக்குது. அவ எங்களுக்குச் சொந்தமே இல்லியே?"

பேருந்து வந்தது. ஏறிக்கொண்டேன்.

அன்று முதல் குருசுக்குப்பத்தில் என் வீட்டுக் கதவை யார் தட்டினாலும் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் திறக்கிறேன். உண்மையைச் சொன்னால் தொழிற்சாலைக்காரர்கள் வருவார்கள். சொல்லாவிட்டால்... செல்வி வருவாளா? இப்போது கருவுற்றிருக்கும் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூட நான் இன்னும் போகவில்லை. அவள் பெயரும் எனக்குத் தெரியாது. இன்று காலையும் அவள் அந்தத் தண்ணீரைத்தான் குடித்திருப்பாள்.