விருந்தாளிக்கு ஊற்றும் தண்ணீர்

காலை எட்டு மணிக்குப் பெரம்பலூரில் பஸ் ஏறினேன். அரியலூர் முப்பது கிலோமீட்டர்தான். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்ததில் ஒன்றரை மணி நேரம் ஆனது. ஜன்னலை மூடினால் புழுக்கம், திறந்தால் புழுதி.

"மூடுறீங்க, தொறக்குறீங்க. எதையாவது ஒண்ண முடிவு பண்ணுங்க சார்," என்றார் கண்டக்டர். முடிவு பண்ணத் தெரிந்தால் நான் ஏன் இந்த பஸ்ஸில் வருகிறேன்?

அரியலூரை அடுத்த ரெட்டிபாளையத்துக்குப் பக்கத்து ஊரில் என் அக்கா செல்வி இருக்கிறாள். அவள் கணவர் போன தை மாதம் இரைப்பைப் புற்றுநோயில் இறந்தார். குடிநீரில் கலந்திருப்பவற்றால் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறதா என்று ஒரு கல்லூரியிலிருந்து ஊர் ஊராகத் தண்ணீர் எடுத்து ஆராய்கிறார்கள். அக்கா வீட்டுத் தண்ணீரில் குறையில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதை நம்பி, பிரசவத்துக்கு வந்திருக்கும் அவள் மகள் மலரும் போர் தண்ணீரையே குடிக்கிறாள். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. எனக்கு நம்பிக்கை வரவில்லை, கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா சொம்பை நீட்டினாள். தண்ணீர் இனித்தது.

"போர் தண்ணியாக்கா இது?"

"உனக்குப் போயி அதைக் கொடுப்பனா? கேன் தண்ணி. யாராச்சும் வந்தா கொடுக்கன்னு வாங்கி வச்சிருக்கேன்."

எனக்குச் சுருக்கென்றது. "டெஸ்ட்டுக்கு வந்தவங்களுக்கு?"

"அதேதான். கொழாயில புடிச்சுக்கறோம்னுச்சுங்க. கரண்ட் இல்ல. நான்தான் பாட்டில வாங்கி உள்ள போயி ரொப்பிக் கொடுத்தேன். நம்ம வூட்டுத் தண்ணி மட்டம்னு எழுதிட்டா அசிங்கமில்ல?"

"அறிவிருக்கா உனக்கு?" என்று கத்திவிட்டேன்.

"கத்தாத மாமா," என்றாள் மலர். வயிற்றின் மேல் கை வைத்திருந்தாள். "அப்ப இவ்வளவு நாளு நான் குடிச்சது?"

அவள் அப்பாவைக் கொன்றது தண்ணீரா, சுரங்கத்துப் புழுதியா, அவர் கடைசிவரை விடாத பீடியா? அவருக்கு வைத்தியம் பார்த்த திருச்சி டாக்டரை முன்பே கேட்டிருந்தேன். ஒரே ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது, அதற்குத்தான் ஊர் ஊராக ஆராய்கிறார்கள் என்றார். அந்த ஆராய்ச்சியில்தான் அக்கா கேன் தண்ணீரை ஊற்றியிருக்கிறாள். அந்தத் தெருவில் இன்னும் எத்தனை பேர் ஊற்றினார்களோ!

கல்லூரிக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். நடந்ததை அக்காவே சொன்னாள், அழுதுகொண்டே. மறுபடி வந்து அவர்களே பிடித்துக்கொள்வார்களாம். எப்போது என்று சொல்லவில்லை.

மாலை நான் கிளம்பும்போது அக்கா மறுபடி சொம்பை நீட்டினாள். "கேன் இனிமே மலருக்கு மட்டுந்தான். உனக்கு இதாண்டா."

தயங்கினேன். அவள் கல்யாணமான நாளிலிருந்து குடிக்கும் தண்ணீர். பார்த்துக்கொண்டே நின்றாள். குடித்தேன், சப்பென்று இருந்தது.

பெரம்பலூரில் எங்கள் வீட்டிலும் போர்தான். யாரும் சோதித்ததில்லை. விருந்தாளி வந்தால் நாங்களும் கேன்தான் வாங்குகிறோம்.