சலோமி இருக்கும் மலை

மழை விழுந்ததும் அந்தக் கல்மேட்டிலிருந்து வெடிமருந்தும் துருப்பிடித்த இரும்பும் கலந்தது போல ஒரு வாடை கிளம்பி, எங்கள் லைன் வீடுகளுக்குள் இறங்கி, சோற்றில்கூட ஏறிவிடும். ராமகுப்பத்துக்கு அப்பால் இருந்த தங்கச் சுரங்கத்தில் நைனா வேலை செய்தார்; அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். பாறையை உடைத்துத் தங்கம் எடுத்தது போக மிஞ்சிய கல்லையும் மண்ணையும் டிராலியில் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி, எங்கள் வீடுகளுக்குப் பின்னால் ஒரு மலையே எழும்பியிருந்தது. தமிழ் பேசுகிறவர்களும் தெலுங்கு பேசுகிறவர்களும் அதை "திப்பா" என்றுதான் சொல்வோம்.

சுரங்கத்துக்குள் முட்டுக் கொடுத்து உளுத்துப்போன மரத்துண்டுகளும் கல்லோடு கல்லாக அதில் வந்து விழும். எங்கள் அடுப்புக்கு அதுதான் விறகு. அக்கா சலோமிக்குப் பதினான்கு வயது, எனக்குப் பதினொன்று. ஒருநாள் அவள், ஒருநாள் நான் என்று முறைவைத்துப் பொறுக்குவோம். "மழை பேஞ்சா மேல ஏறாதீங்க, கீழயே பொறுக்கினு வந்துடுங்க" என்று அம்மா சொல்லாத நாளில்லை.

ஐப்பசியில் நான்கு நாள் அடைமழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் என் முறை வந்தது. ஈரத்தில் போகச் சோம்பல். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்து, "நோவுது" என்றேன். சலோமி கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு போர்வையை இழுத்து என் காலை மூடிவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.

சத்தம் பெரிதாக இல்லை. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சரசரப்பு, அவ்வளவுதான். நாங்கள் ஓடிப் பார்த்தபோது திப்பாவின் ஒரு பக்கம் முழுதாகச் சரிந்து கிடந்தது. நைனாவும் அவரோடு வேலை செய்தவர்களும் மூன்று நாள் தோண்டினார்கள். தோண்டத் தோண்ட மேலிருந்து கல் இறங்கிக்கொண்டே இருந்தது. இன்னும் நாலு பேர் போய்விடுவார்கள், நிறுத்துங்கள் என்று அதிகாரிகள் சொன்ன பிறகும் நைனா கடப்பாரையை விடவில்லை. கூட இருந்தவர்கள்தான் அவர் விரல்களைப் பிரித்து அதை வாங்கினார்கள். கூடை மட்டும் கிடைத்தது. சபைக் கல்லறையில், அவளுடைய ஞாயிற்றுக்கிழமைப் பாவாடையை வைத்துத்தான் பெட்டியை மூடினோம்.

பிறகு சுரங்கத்தை மூடினார்கள், நைனா இறந்துபோனார், நாங்கள் குடிபாலாவுக்கு வந்தோம், எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். அந்தப் பொய்யை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

போன மாதம் என் மகள் போனில் ஒரு படம் காட்டினாள். புல்லும் மரமுமாகப் பச்சை மலை, உச்சியில் கம்பித் தடுப்பு, "வியூ பாயிண்ட்" என்று பலகை, முதுகுப்பையோடு ஏறுகிற இளசுகள். அது எங்கள் திப்பா. அம்மாவிடம் காட்டினேன். "என்னை இட்டுக்கினு போ" என்றாள்.

அடிவாரத்திலேயே அம்மா செருப்பைக் கழற்றிவிட்டாள். சிமெண்டுப் படிகள் கொதித்தன. எதிரே இறங்கி வந்த ஒரு பெண், "காலு சுடும் ஆயா, செப்பல் போட்டுக்குங்க" என்றாள்.

"பரவால்ல கண்ணு. எம் பொண்ணு இங்கதான் இருக்குது" என்றாள் அம்மா. அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

உச்சியில் பெஞ்சில் உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். "அன்னிக்கு எனக்கு வயித்து நோவே இல்லம்மா."

அம்மா திரும்பவில்லை. "தெரியும்மே. சலோமி எங்கிட்ட சொல்லிட்டுதான் போனா. 'அவளுக்கு நோவெல்லாம் இல்லம்மா, தூங்கட்டும், எழுப்பாத'ன்னா."

"இத்தினி வருசமா ஏம்மா சொல்லல?"

"சொன்னா, 'நீ ஏம்மா அவள போவ வுட்டே'ன்னு என்னைக் கேப்பியே" என்றாள்.

அங்கிருந்து ஏரி, தென்னந்தோப்பு, தூரத்து மலைகள் எல்லாம் தெரிகின்றன, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. சுரங்கத்தின் இரும்புக் கோபுரம் இல்லை; லைன் வீடுகள் இல்லை. கம்பித் தடுப்பருகே போய்க் கீழே பார்த்து, நம் வீடு எங்கே இருந்தது என்று அம்மா கேட்டாள். கீழே கார்கள் நிற்கிற பக்கமாகக் கையைக் காட்டினேன். சரியாகத்தான் காட்டினேனா என்று எனக்கே தெரியவில்லை.