சீர்வரிசையில் போன மண்

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்துபோனது. ஆனால் இங்கே மலேசியாவில், பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கல்யாணத்துக்குத் தட்டு வைக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், வெற்றிலை யாருடையது என்று. சைக்கிளில் கட்டு கட்டி விற்றவன் நான். பிறகு ஜெஞ்சாரோமில் சொந்தமாய் வெற்றிலைக் கொடிக்கால் போட்டேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஓர் இலையை மடித்தால் வரும் சத்தத்தை வைத்தே, பறித்து எத்தனை நாள் ஆனது என்று சொல்வேன். இன்றைக்கும் சொல்வேன்.

என் மகளின் மாமனார் முப்பது வருடம் கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். அதிகம் பேசமாட்டார். கல்யாணம் பேசி முடித்த சமயத்தில் ஓய்வு பெற்று, கையில் வந்த சேமிப்பு முழுவதையும் போட்டு என் கொடிக்காலுக்குக் கொஞ்ச தூரத்தில் நிலம் குத்தகைக்கு எடுத்தார். "உங்கள மாதிரியே வெத்தல போடலாம்னு இருக்கேன் சம்பந்தி" என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

மகள் கல்யாணத்துக்கு எல்லாரும் கட்டில், பீரோ, பிரிட்ஜ் என்று சீர் கொடுப்பார்கள். நான் நானூறு வெற்றிலைக் கன்று கொடுத்தேன். வேர் விட்ட கொடிகள், என் கொடிக்கால் மண்ணையே பையில் நிரப்பி வளர்த்தவை. லோரிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து மண்டபத்து வாசலை அடைத்த மாதிரி நிறுத்தினேன். வந்தவர்கள் சுற்றிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். "மத்தவன்லாம் மரச்சாமான் குடுக்குறான், நான் உசுரக் குடுக்குறேன்" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னேன்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு என் கொடிக்காலின் ஒரு மூலையில் சில கொடிகள் வெளுத்திருந்தன. தண்ணீர் நின்றாலும் மத்தியானத்தில் இலை தொங்கும். ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் முழுக்க மணி மணியாய் முடிச்சு.

நான் பிறந்தது ரப்பர் தோட்டத்தில். அங்கே கன்றுகளுக்கு நடுவே பயற்றங்கொடி படரவிடுவார்கள். அதன் வேரிலும் முடிச்சு இருக்கும். "அதுதான்டா உரம், மண்ணுக்குச் சோறு" என்பார் வேலையாட்களை மேய்க்கும் எங்கள் மண்டோர். சின்ன வயதில் அதை நகத்தால் சுண்டி உதிர்த்து விளையாடியிருக்கிறேன். என் வெற்றிலை வேரிலும் சுண்டிப் பார்த்தேன். உதிரவில்லை. அது இன்னும் பெரிய பலம் என்று எடுத்துக்கொண்டேன்.

என்னிடம் பெர்மிட்டில் வேலை செய்த தமிழ்நாட்டுக்காரர் வெற்றிலை விளையும் ஊரிலிருந்து வந்தவர். அவர் மட்டும் சொன்னார்: "அண்ணே, எங்க பக்கம் இப்படி வந்தா கொடியப் புடுங்கிக் கொளுத்திருவாங்க."

"உங்க பக்கம் தண்ணி இல்ல, அதான் கொளுத்துறீங்க. இது மலேசியா மண்ணு லா" என்றேன். அவர் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். சீருக்குப் போன கன்றுகள் அந்த மூலைக்குப் பக்கத்தில்தான் நின்றன.

ஒரு வருடம் சம்பந்தி நன்றாகப் பறித்தார். அப்புறம் டீக்கடையில் என்னைத் தேடி வந்தார். "மத்தியானமானா கொடி தல தொங்குது சம்பந்தி."

கடையில் தெரிந்தவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். "லோரிக்கு டீசல் ஊத்துற மாதிரி ஊத்துனா வேர் அழுகாம என்ன செய்யும்?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு தண்ணீரைக் குறைத்தார். கொடிகள் இன்னும் சீக்கிரம் காய்ந்தன.

மகள் போன் செய்தாள். "அப்பா, மாமா சாப்பாட்டுக்குக்கூட வீட்டுக்கு வர்றதில்ல. அந்தக் கொடிகிட்டயே உக்காந்திருக்காரு. ஒருதரம் வந்து பாருங்க." தீபாவளி வேலை இருக்கிறது என்றேன். அவளே விவசாய இலாகாவுக்கு எழுதிப் போட்டாள்.

அங்கிருந்து ஒரு பெண் வந்தது, தமிழ்ப் பிள்ளைதான். எனக்குத் தெரியாததா இதற்குத் தெரியப்போகிறது என்று நானும் போய் நின்றேன். அது ஒரு வேரைக் கழுவி, பிளேடால் முடிச்சைக் கீறி, பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டியது. உள்ளே வெள்ளையாக, ஊசிமுனை அளவில் ஒரு முத்து.

"இது நூற்புழு, அங்கிள். பொண்ணுப் புழு. மண்ணுல இருக்கிறது கண்ணுக்கே தெரியாது. வேருக்குள்ள பூந்து சாறை உறிஞ்சும், வேர் வீங்கிரும்."

"பயத்தங்கொடியிலயும் முடிச்சு இருக்குமே" என்றேன்.

"அது வேர் மேல ஒட்டினது, சுண்டினா உதிரும். இது வேரே வீங்கினது, உதிராது."

நான் குனிந்து அந்த வேரைச் சுண்டினேன். அந்தப் பெண் சம்பந்தியிடம் திரும்பியது. "கன்னு எங்க எடுத்தீங்க, அங்கிள்? இது அதோட மண்ணுலதான் வந்திருக்கணும்."

அவர் கீழே பார்த்துக்கொண்டு, "வெளியில வாங்குனது" என்றார். குடை பிடித்து நின்ற என் மகள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: "பாசார்ல கண்ட கடையில வாங்குனா இப்படித்தான்."

அந்தப் பெண் வழி சொல்லிவிட்டுப் போனது. கொடிகளை வேரோடு எடுத்துக் கொளுத்த வேண்டும். மண்ணைப் புரட்டி, பிளாஸ்டிக் விரித்து வெயிலில் வேகவிட வேண்டும். பிறகு நிலம் முழுக்கச் செண்டுமல்லி போட வேண்டும், அதன் வேர் இந்தப் புழுவுக்கு ஆகாது. பச்சையாக வாயில் போடும் இலை, அதனால் கடுமையான மருந்து வேண்டாம். புழு குறையும், ஒரேயடியாகப் போகாது. பல வருடத்துக்கு அங்கே வெற்றிலை நினைக்கக்கூடாது.

என் கொடிக்காலையும் தோண்டிப் பார்த்தேன். வரிசை வரிசையாக அதே முடிச்சு. யாரிடமும் சொல்லவில்லை. வேறு ஆட்களிடம் இலை வாங்கி என் பெயரில் பிரிக்பீல்ட்ஸுக்கு அனுப்பினேன்.

மனம் கேட்கவில்லை. செண்டுமல்லி நாற்றுகளைப் பையில் வளர்த்து, லோரியில் ஏற்றிச் சம்பந்தி நிலத்துக்குக் கொண்டுபோனேன். அவர் கொடிகளைக் கொளுத்திக் கறுத்துக் கிடந்த மண்ணில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பையைத் தூக்கி, திருப்பி, அடியைப் பார்த்தார்.

"இதுவும் உங்க மண்ணுதானே, சம்பந்தி?"

குரலில் கோபமே இல்லை. நான் லோரியின் பின்கதவை மறுபடி மூடினேன். அப்போதுதான் சொன்னேன், அந்த முடிச்சைக் கல்யாணத்துக்கு முன்பே பார்த்தேன் என்று.

"பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன். அந்தப் புள்ள கேட்டப்ப மருமக பக்கத்துல நின்னுச்சு. அவ அப்பாவச் சொல்ல வேணாம்னு விட்டேன்" என்றார். "நீங்களாச் சொல்வீங்கன்னு பாத்தேன். பாசார்னீங்க."

கிள்ளானில் செண்டுமல்லி விதை வாங்கி வந்து குனிந்து நானே தூவிக் கொடுத்தேன். பூ வந்தது. ஆனால் குத்தகையைத் தாங்கும் அளவுக்கு வரவில்லை. நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார். இப்போது பூச்சோங்கில் ஓர் அடுக்குமாடியில் காவல் வேலை. முட்டி வீங்கிய காலோடு கார்களுக்கு வாசல் தடுப்புக் கம்பத்தைத் தூக்கி இறக்குகிறார்.

போன மாதம் பேரனுக்குக் காது குத்தினோம். என் மகள் வெற்றிலைத் தட்டை என் கையில் கொடுத்து, பெரியவர்களுக்கு நீட்டச் சொன்னாள். அவர் முன் நீட்டினேன். வெற்றிலையை விட்டுவிட்டு ஒரு பாக்கை மட்டும் எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் தட்டைப் பிடித்தபடியே நின்றேன். பின்னால் இருந்தவர் கை நீட்டினார், நகர்ந்தேன்.