ராஜா ஒரு பக்கம், மிருகம் மறுபக்கம்

தேவராஜா மார்க்கெட்டில் கத்திரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு கனகலக்ஷ்மி ஒரு காளையைப் பார்த்தபடி நிற்கிறாள். அது வரிசையாக மூன்று வாழைப்பழக் கடைகளை ஏறெடுத்தும் பார்க்காமல் தாண்டிப் போய், நாலாவது கடை முன்னால் நின்று தலையை ஆட்டுகிறது. கடைக்காரர் ஒரு பழத்தைப் போடுகிறார். கனகலக்ஷ்மிக்கு நிலைகொள்ளவில்லை. ஏன் இந்தக் கடையில் மட்டும் நிற்கிறது என்று கன்னடத்தில் விசாரிக்கிறாள். போன ஜென்மத்து உறவு என்கிறார் அவர். "ஹௌதா, அப்படியா? யார் பாத்தா?" என்று பாதி கன்னடமும் பாதி தமிழுமாகக் கேட்டுவிட்டு, மற்ற மூன்று கடைக்காரர்களிடமும் போய், நீங்கள் எப்போதாவது இதை அடித்ததுண்டா என்று குறுக்கு விசாரணை செய்கிறாள். இரண்டு பேர் ஒப்புக்கொள்கிறார்கள். மூன்றாமவர் கோபித்துக்கொள்கிறார். இந்த அமர்க்களத்தில் கத்திரிக்காய் வாங்க மறந்துபோகிறது.

அன்று மாலைக்குள் அந்தக் காளை ஆங்கிலத்தில் புகுந்துவிடும்.

அப்பா ரயில்வே உத்தியோகத்துக்காக மைசூர் வந்து இங்கேயே தங்கிப்போனவர். கனகலக்ஷ்மிக்கு வயது நாற்பத்து மூன்று, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் பதினைந்து வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தாள். பாடப்புத்தகத்தில் இல்லாததைப் பேசுகிறாள் என்று தலைமையாசிரியை ஓயாமல் குறை சொல்லவே, ஒருநாள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டாள். இப்போது ஹெப்பாளில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் ஒரு தொழிற்சாலையில், ஷிப்ட் முடிந்த பெண்களுக்கு ஆங்கில வகுப்பு எடுக்கிறாள். கேன்டீன்தான் வகுப்பறை. கரும்பலகை அரிசி மூட்டைமேல் சாய்ந்திருக்கும். மேசையில் மதியச் சாம்பார் வாசனை அப்படியே இருக்கும். அவளுக்கு அந்த இடத்தை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது, வேறொன்றை அவள் விரும்பவும் இல்லை.

முதல் வாரம் மற்றவர்களைப் போலத்தான் ஆரம்பித்தாள். உன் குடும்பத்தைப் பற்றிச் சொல், உன் கணவர் என்ன செய்கிறார். கொள்ளேகால் பக்கத்திலிருந்து வந்த வடிவு என்ற பெண் எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள், மூடினாள், பிறகு முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கனகலக்ஷ்மிக்கு நெஞ்சு சுருக்கென்றது. தெருவில் எந்த வீட்டுக்குப் போனாலும் அவளிடமும் அதே கேள்வியைத்தானே கேட்கிறார்கள். அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள், இந்த வகுப்பில் யாருடைய வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்ப்பதில்லை என்று.

அதன் பிறகு வந்ததுதான் இந்த முறை. ஒரு தாள். ஒரு பக்கம் சரித்திரம், மறுபக்கம் மிருகம். நடந்து முடிந்ததைச் சொல்ல ராஜாக்கள். அன்றாடம் நடப்பதைச் சொல்ல மிருகங்கள். ராஜா யாருக்கும் மாமனார் இல்லை, யானை யாருக்கும் நாத்தனார் இல்லை, யார் மனசும் புண்படாது என்பது அவள் கணக்கு. ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டை வீழ்ந்த கதைக்குப் பின்பக்கம் குளவிக்கூடு வரும். தூக்கணாங்குருவி வந்த வாரம் கேன்டீனே அமர்க்களப்பட்டது. ஆண் குருவி கூடு கட்டும், பெண் குருவி வந்து பார்க்கும், பிடிக்கவில்லையென்றால் ஆண் இன்னொன்றைக் கட்ட வேண்டியதுதான் என்று படித்ததும் பெண்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

தாளைப் படித்து முடித்ததும் ஆளுக்கொரு கேள்வி கேட்டாக வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில். தாளில் பதில் இல்லாத கேள்வியாக இருக்க வேண்டும் என்பது சட்டம். தெரியாது என்று சொல்வதற்கு கனகலக்ஷ்மி கூச்சப்பட்டதே இல்லை. மறுநாள் மானசகங்கோத்ரிக்குப் பஸ் பிடித்து, பல்கலைக்கழக நூலகத்தில் புரட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்வாள். ராணி எறும்பு செத்தால் மற்றவை எத்தனை நாள் இருக்கும் என்ற கேள்விக்காக ஒரு வாரம் அலைந்தாள்.

வகுப்பில் அதிகம் கேள்வி கேட்பவள் லிங்கம்மா. கொள்ளேகால் பக்கத்து ராமாபுரத்துக்காரி, கம்பி சுற்றுவதில் கை வேகம். அவள் கணவன் பம்பாயில் நல்ல வேலையில் இருக்கிறான், தசராவுக்கு வருவான் என்பது தொழிற்சாலை முழுக்கத் தெரிந்த விஷயம். இரண்டு தசரா போய்விட்டது. லீவு கிடைக்கவில்லையாம்.

இந்தச் சமயத்தில்தான் கம்பெனிக்கு ஐ.எஸ்.ஓ. தரச் சான்றிதழ்ப் பைத்தியம் பிடித்தது. தொண்ணூற்றாறில் யாருக்குத்தான் பிடிக்கவில்லை? வெளிநாட்டுத் தணிக்கைக்காரர் வருவார், எந்தத் தொழிலாளியிடமும் போய் ஆங்கிலத்தில் கேள்வி கேட்பார் என்று பர்சனல் ஆபீசர் ஸ்ரீகுமார் தவித்துக்கொண்டிருந்தான். கனகலக்ஷ்மியின் தாளைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான். ஊருக்குள் ஒரு இன்ஸ்டிட்யூட் இருந்தது. எட்டுக் கேள்வி, எட்டுப் பதில், மனப்பாடம் செய்தால் போதும் என்றது. கிளிப்பிள்ளையாக்கப் பார்க்கிறீர்களே என்று கனகலக்ஷ்மி வாதாடினாள்.

"கிளிக்கும் சர்டிபிகேட் குடுப்பாங்க மேடம், குளவிக்குக் குடுக்க மாட்டாங்க" என்றான் ஸ்ரீகுமார். வெள்ளிக்கிழமை தானே வந்து யாராவது ஒருத்தியை எழுப்பிக் கேட்பதாகச் சொன்னான். அவள் பேசினால் வகுப்பு கனகலக்ஷ்மிக்கு. பேசாவிட்டால் அடுத்த மாதம் முதல் இன்ஸ்டிட்யூட்டுக்கு.

அந்த வாரம் கனகலக்ஷ்மி மார்க்கெட்டில் எதையும் நின்று பார்க்கவில்லை. வகுப்பு போய்விடுமோ என்ற பயம் இருந்தது. ஆனாலும் எட்டுப் பதில்களைச் சொல்லிக்கொடுக்க மனம் வரவில்லை. வியாழக்கிழமைத் தாளில் வழக்கம்போல ஒரு மிருகம், இந்த முறை யானை. கூட்டத்தை நடத்துவது மூத்த பெண் யானை. ஆண் வளர்ந்ததும் கூட்டத்தை விட்டுப் போய்விடும்.

வெள்ளிக்கிழமை ஸ்ரீகுமார் வந்தான். பெஞ்சுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, லிங்கம்மாவைக் கைகாட்டி எழுப்பினான். உன்னைப் பற்றிச் சொல் என்று ஆங்கிலத்தில் கேட்டான். தணிக்கைக்காரர் கேட்கப்போகும் முதல் கேள்வியும் அதுதான். இத்தனை மாதத்தில் அந்த ஒன்றைத்தானே கனகலக்ஷ்மி சொல்லிக்கொடுக்கவில்லை.

லிங்கம்மா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன்னைப் பற்றிச் சொல்ல அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் ஒன்றுதான். தாளின் மிருகப் பக்கத்தை எடுத்தாள். அவள் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"பெண் ஹெப்பாளில் வசிக்கிறது. அதற்கு ஒரு குட்டி. விடியுமுன் எழுந்து குட்டிக்கு உணவு கொடுக்கிறது. பகல் முழுவதும் செம்புக் கம்பி சுற்றுகிறது. இருட்டுவதற்குள் இருப்பிடம் திரும்புகிறது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஸ்ரீகுமார் கனகலக்ஷ்மியைத் திரும்பிப் பார்த்தான். லிங்கம்மா நிறுத்தவில்லை. ராஜாக்களின் பக்கத்துக்குப் போய்விட்டாள்.

"தொண்ணூற்று நாலாம் ஆண்டு மழை பெய்யவில்லை. யுத்தம் எதுவும் நடக்கவில்லை. ஆண் கூட்டத்தை விட்டுப் போனது. பம்பாய்க்குப் போனதாகப் பெண் எல்லோரிடமும் சொன்னது. அது உண்மையில்லை. பெண் ஒரு வருடம் காத்திருந்தது. பிறகு குட்டியைத் தூக்கிக்கொண்டு மைசூர் வந்தது. அதை யாரும் தோற்கடிக்கவில்லை."

என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கம் போகாமல், பின்பெஞ்சிலிருந்த பாப்பாத்தி என்ற பெண் கையைத் தூக்கினாள். ஆண் எந்தத் திசையில் போனது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பெண்ணுக்குத் தெரியாது என்றாள் லிங்கம்மா. அடுத்து வடிவு எழுந்தாள். குட்டி ஆணைத் தேடுகிறதா? தேடியது, இப்போது தேடுவதில்லை என்று பதில் வந்தது. குட்டி என்ன சாப்பிடும், இரவில் யார் காவல், பெண் எப்போது தூங்கும் என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் லிங்கம்மா நின்றபடியே பதில் சொன்னாள். குட்டி கடிக்கும் என்றபோது அவளே சிரித்துவிட்டாள். கனகலக்ஷ்மியிடமும் ஒரு கேள்வி இருந்தது. உலகத்தில் உள்ள அத்தனையையும் கேட்பவள் அதைக் கேட்கவில்லை.

ஸ்ரீகுமார் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். கையில் கொண்டுவந்திருந்த எட்டுக் கேள்வித் தாளை மடித்துப் பைக்குள் வைத்தான்.

"ஆடிட்டர் இதைக் கேட்டா என்ன எழுதுவாரோ, தேவரே பல்ல, அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஆனா பேசறாங்க மேடம். நீங்களே நடத்துங்க."

அவன் போனதும் பெண்கள் சாப்பாட்டுப் பைகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். போகிற போக்கில் ஒவ்வொருத்தியும் லிங்கம்மாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். அவள் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. கனகலக்ஷ்மி பக்கத்தில் போய் நின்றாள். சொல்லச் சொல்லி நான் எப்போதும் கேட்டதில்லையே அம்மா என்று மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டனுங்க டீச்சர்" என்றாள் லிங்கம்மா. "இதெத் தமிழ்ல சொல்றதுக்கு எனக்கு வாயே வராதுங்க. அந்தப் பாசையில சொன்னா வேற யாருக்கோ நடந்தாப்பல இருக்குதுங்க."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்தது. இதுவரை வராத அழுகை இப்போது வந்தது. வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கனகலக்ஷ்மி வாசலுக்குப் போய், டிரைவரைப் பார்த்து, பொறு என்று உள்ளங்கையை உயர்த்திக் காட்டிவிட்டு, கேன்டீன் கதவை உள்பக்கமாகச் சாத்தினாள்.